ஏழாம் நம்பர் ஏன் களைத்தது?

கதவு சாத்திக்கொண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. காற்றுக்குச் சாத்தியிருக்கும் என்று நினைத்து, "ஹலோ, உள்ள ஆள் இருக்கோம் லா!" என்று கத்தினேன். பதிலுக்கு வெளியே இரும்புத் தண்டு இறங்கி மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது தண்டு. காற்று எந்த ஊரிலும் இரண்டு தாழ்ப்பாள் போடாது. அப்போதுதான் பயம் வந்தது.

நான் செபஸ்தியன். இருபது வருடம் ஸ்கூடாயில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். இப்போது துப்பறியும் ஞானேஸ்வரி மேடத்துக்கு ஓட்டுநர், உதவியாளர், அவசரத்துக்குப் பூட்டு உடைக்கும் ஆள். ஆனால் பூட்டு நம் பக்கம் இருந்தால்தானே உடைக்கலாம்?

"மேடம், பூட்டிட்டான்."

"தெரியுது."

"யாரு?"

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏன் உள்ள வந்து நிக்கிறேன்?"

சுங்கத் துறையில் முப்பது வருடம் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்த அம்மாள், கடைசியில் தானே ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டார். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

அது ஒரு பழைய குளிர்ப்பெட்டிக் கன்டெய்னர். பொந்தியானில், மருந்துகள் வைக்கும் ஒரு குளிர்க் கிடங்கின் பின்பக்கம், செம்பனை மரங்களை ஒட்டிக் கிடந்தது. குளிரூட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பல வருடம் ஆகிறது. சுவரெல்லாம் இரும்பு, கதவைச் சுற்றித் தடித்த ரப்பர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் திறப்பதற்காக வைத்திருக்கும் கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. அதையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

கைபேசியைப் பார்த்தேன். லைன் இல்லை. மேலே தூக்கினேன், மூலைக்கு மூலை நடந்தேன், முழங்கால் போட்டும் பார்த்தேன்.

"ஜெபமா, லைன் தேடுறியா?" என்றார் மேடம்.

"ரெண்டும்தான் மேடம். எது முதல்ல கிடைக்குதோ பார்ப்போம்."

அந்த நேரத்தில், மூலையில் உறுமிக்கொண்டிருந்த சிறிய குளிர்ப்பெட்டி ஒரு நடுக்கத்தோடு நின்றது. வெளியே நின்றவன் மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டான். அதன் கம்பி கதவின் கீழ் மூலையில் ரப்பரில் வெட்டிய சின்னப் பிளவு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தது. இப்போது கைபேசி விளக்கைத் தவிர வெளிச்சம் கிடையாது.

என்னைப் பயமுறுத்தியது இருட்டு அல்ல. உள்ளே நுழையும்போது கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்து நான்தான் உரக்கப் படித்துச் சிரித்தேன். 'அம்பில் 2 பெத்தாங்' என்று எழுதியிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு லோரி வந்து இந்தக் கன்டெய்னரை எடுத்துப் போகும் என்று அர்த்தம். பழைய இரும்பு வாங்குகிற இடத்துக்குப் போனால், இதைத் திறக்க ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அதுவரை நாங்கள் தாங்கமாட்டோம்.

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

"உட்காரு செபா. கத்தாத. மூச்சைச் செலவு பண்ணாத" என்றார் மேடம். உட்கார்ந்தேன். தரை சுட்டது.

மேடம் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். கதவு சாத்தப்படுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் நாங்கள் கண்டுபிடித்த பொருள் அதற்குள்தான் இருந்தது. சவர்க்காரப் பெட்டி அளவில் வெள்ளை பிளாஸ்டிக், மேலே ஒரு பொத்தான், பக்கத்தில் 7 என்று எண். இத்தனை அமர்க்களத்துக்கும் காரணம் இந்தச் சென்சார்தான்.

விஷயம் இதுதான். இந்தக் கிடங்கிலிருந்து பொந்தியான் முதல் ஜேபி என்கிற ஜொகூர் பாரு வரை பல கிளினிக்குகளுக்கு இன்சுலின் போகிறது. ஒரு மாதமாக, ஊசி போட்டும் பல பேருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஒரு டீச்சர் வகுப்பிலேயே மயங்கி விழுந்து இன்னும் படுக்கையில் இருக்கிறார். மருந்து சூட்டில் கெட்டிருக்கிறது. ஆனால் குளிர் அறையில் இருக்க வேண்டிய ஏழாம் நம்பர் இரவும் பகலும் நான்கு டிகிரி, நான்கு டிகிரி என்றே சொல்லி வந்தது. அப்படியானால் சென்சார் பொய் சொல்கிறது, அதைப் பொருத்திய இன்பராணிதான் குற்றவாளி என்று நிரூபிக்கத்தான் கிடங்கின் முதலாளி, தவுக்கே தேவானந்தன், எங்களை அமர்த்தியிருந்தார். எங்கள் அறிக்கை கிடைத்ததும் நாளைக்கு அந்தப் பெண் மேல் போலீஸ் புகார்.

இப்போது பார்த்தால், சென்சார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் நான்கு டிகிரிதான். யாரோ அதைக் கழற்றி இந்தக் குட்டிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரவில் பெரிய அறையின் குளிரூட்டியை அணைத்து மின்சாரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

"காலையில அந்தப் பொண்ணு இதத்தான் சொன்னா. நான் காதுல வாங்கல" என்றார் மேடம்.

காலை எட்டரைக்கு ஸ்கூடாயில், இன்பராணியின் சின்னப் பட்டறையில், மேடம் அவளை உலுக்கி எடுத்துவிட்டார். "உன் சென்சார் பொய் சொல்லியிருக்கு. ஒரு டீச்சர் சாகக் கிடக்கிறா" என்று மேசையைத் தட்டினார். இன்பராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணீர் ஒழுகியது, ஆனாலும் குரல் உடையவில்லை.

"மேடம், இது நாள் முழுக்கத் தூங்கும். கால் மணிக்கு ஒரு தரம் முழிச்சு, எத்தன டிகிரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பத் தூங்கிடும். அதனாலதான் ஒரு பேட்டரி அஞ்சு வருசம் வருது. சொன்ன சிக்னல் கிடங்குக் கூரையில இருக்கிற ரிசீவருக்குக் கேக்கலன்னாதான் சத்தத்தக் கூட்டும், திரும்பத் திரும்பச் சொல்லும். என்னோட எல்லாச் சென்சாரும் நல்லா இருக்கு. ஏழாம் நம்பர் பேட்டரி மட்டும் நாற்பது நாள்லயே மூணு சதவீதத்துக்கு வந்துடுச்சு. அது ஏன்னு யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல" என்றாள்.

சொல்லிவிட்டு, மேசையில் இருந்த ஒரு புதுச் சென்சாருக்கு மூடி மாட்டி, பொத்தானை மூன்று தரம் அமுக்கினாள். பிறகு எங்களை வெளியே விட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். இன்றைக்கு எங்கள் முகத்துக்கு நேராக மூடிய முதல் கதவு அது.

மேடம் பொந்தியான் கிடங்குக்கு வந்து, தவுக்கே கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, கம்பவுண்டைச் சுற்றி நடந்தார். "ஏழாம் நம்பர் ஏன் களைச்சுது? கத்திக் கத்திக் களைச்சிருக்கு. ஏன் கத்துச்சு? கேக்காத இடத்துல இருக்கு. இந்த கம்பவுண்டில எங்க வச்சா வெளிய கேக்காது, செபா?" நான் இந்த இரும்புப் பெட்டியைக் காட்டினேன். கதவின் மூலையில் மின்கம்பி நுழைவதையும் நான்தான் காட்டினேன். என் வாயை நானே கட்டியிருக்கலாம்.

"மோகனதாஸ்தான் மேடம்" என்றேன் இப்போது. மோகனதாஸ் கிடங்கின் மேனேஜர். காலையில் எங்களை ஏற இறங்கப் பார்த்து, கேட்ட கேள்விக்கெல்லாம் 'தெரியாது' என்றவன். "பதினோரு மணிக்கு வேன் எடுத்துக்கிட்டு ஜேபிக்குப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பியிருப்பான். மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சிய வச்சு ஆளப் பிடிக்கிறதா இருந்தா உன்னை நான் பத்து தரம் பிடிச்சிருப்பேன்."

"அப்ப ஒரு வழி இருக்கு" என்றேன். பயத்தில் என் மூளை கொஞ்சம் வேலை செய்தது. "சென்சார வெளிய எடுப்போம். சூடாகும். எட்டு டிகிரியத் தாண்டினா போனுக்கு அலாரம் போகும்னு சொன்னாங்கல்ல?"

மேடத்தின் முகம் மலர்ந்தது. "சரிதான்! அலாரம் லிஸ்ட்ல இன்பராணி பேர எடுத்துட்டாங்க, மோகனதாசுக்கும் கிடையாது. இப்ப அலாரம் தேவானந்தன் ஒருத்தருக்குத்தான் போகும். அவர் பார்த்துட்டு உடனே வந்திடுவார். நல்ல குடும்பம், செபா. அவர் அப்பாவும் எங்க அப்பாவும் ரயில்வேயில ஒரே ஆபீஸ். எங்க யாழ்ப்பாணத்து ஆட்கள் வாக்கு தவற மாட்டாங்க."

இந்த விஷயத்தில் மட்டும் மேடத்திடம் பேச முடியாது. அப்பா அரசாங்க வேலை என்றால் அவருக்கு அதுவே நற்சான்றிதழ். அப்பாக்கள் இருவரும் ஒரே அலுவலகம் என்றால் அதற்கு மேல் முத்திரையும் குத்திவிடுவார். என் அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். அதனால்தானோ என்னவோ, என்னிடம் இன்னும் பெட்ரோல் ரசீது கேட்கிறார்.

சென்சாரை எடுக்கக் கையை உள்ளே விட்டவர், அப்படியே நின்றார்.

"வெளிச்சத்தக் காட்டு."

காட்டினேன். சென்சாருக்குப் பின்னால், ஒரு துணியில் சுற்றி, மூன்று இன்சுலின் பேனாக்கள் இருந்தன. இரண்டு புதியவை. மூன்றாவது பாதி தீர்ந்திருந்தது. கிளினிக் ஒட்டிய பெயர்ச் சீட்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"செபா, காலையில ஆபீஸ்ல யார் யார் என்ன குடிச்சாங்க?"

சாவு நெருங்கினால் மனிதருக்குப் பசி வரும் என்று கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் சொன்னேன். "நான் கோப்பி, ரெண்டு தரம். நீங்க டீத்தூளக் காட்டின தண்ணி மாதிரி ஒரு தே. மோகனதாஸ் தே தாரிக், அதுக்கு மேல ரெண்டு கரண்டி கட்டிப்பால். அத உறிஞ்சுற சத்தம் பொந்தியானுக்கே கேட்டிருக்கும்."

"தேவானந்தன்?"

"கோப்பி ஓ கோசோங்." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அது சீனி போடாத கறுப்புக் கோப்பி. "பலகாரத்த நம்ம பக்கம் தள்ளிட்டார். பல்லு வலின்னார்."

மேடம் பேனாவை விளக்கில் திருப்பிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் மருந்து விக்கிறவர், தன்னோட மருந்த மட்டும் தன் கிடங்குல வைக்கல. அங்க என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியும். ஆபீஸ்ல வச்சா, ஏன் இங்க வச்சிருக்கீங்கன்னு ஆள் கேக்கும். அதனால உண்மையிலேயே குளிரா இருக்கிற ஒரே பெட்டியில, சென்சார் பக்கத்துல வச்சிருக்கார்."

"அவரோட அப்பா ரயில்வேயில…"

"விசர்க்கதை கதைக்காதே!" என்று சீறினார். கோபம் தலைக்கு ஏறினால்தான் மேடத்துக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு வரும். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "பதினொன்றரைக்கு நான்தான் அவருக்குப் போன் பண்ணேன். கன்டெய்னரப் பார்க்கலாமான்னு மரியாதைக்கு அனுமதி கேட்டேன். பாருங்க, கதவு திறந்துதான் இருக்குன்னார். நாம இங்க வர்றது வேற யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே உண்மையச் சொன்னா, நம்பல. இந்த ஆள் சிரிச்சுக்கிட்டே பொய் சொன்னான், நம்பினேன். நம்ம ஆள்னு நம்பினேன், செபா. உன்னையும் கொண்டுவந்து அடைச்சிட்டேன்."

ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் தப்பை ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. சந்தோஷப்பட முடியவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, மூச்சு கனத்தது. மணி பன்னிரண்டு பத்து. எனக்கு என் மனைவி சூசன் ஞாபகம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சம்பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் செத்தாலும் சம்பால் வாங்காததைத்தான் அவள் முதலில் கேட்பாள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்தபோது வெள்ளைப் பெட்டியின் பொத்தான் கண்ணில் பட்டது.

"மேடம்! காலையில இன்பராணி மேசையில ஒரு புதுச் சென்சார் வச்சிருந்தாங்களே. மூடிய மாட்டிட்டு, பொத்தான மூணு தரம் அமுக்கினாங்க. கவனிச்சீங்களா?"

"சோதனை பண்ணியிருப்பா. அமுக்கினா உடனே முழிச்சு ஒரு தகவல் அனுப்பும். பொருத்தினவங்க போனுக்கு மட்டும் போகும்னு சொன்னாளே." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "பொருத்தினவங்க போனுக்கு மட்டும்!"

"அது மட்டும் இல்ல. ஒரு தரம் அமுக்கினாலே போதும். அவங்க ஏன் மூணு தரம் அமுக்கினாங்க தெரியுமா? உதடு அசைஞ்சுது மேடம். நீங்க கோயிலுக்குப் போறவங்க, உங்களுக்குப் பிடிபடாது. நான் சர்ச்சுக்குப் போறவன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. புது வேலைய அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில், இனி பெட்ரோல் ரசீது கேட்கமாட்டார் என்று தோன்றியது.

ஆனால் பேட்டரியில் மூன்று சதவீதம்தான் மிச்சம் என்று காலையிலேயே இன்பராணி சொல்லியிருந்தாள். ஒவ்வொரு அமுக்கலும் ஒரு கத்தல். எத்தனை கத்தலுக்குத் தாங்கும் என்று தெரியாது.

"குளிர்ல இருந்த பேட்டரிக்குத் தெம்பு இருக்காது. சூடு பண்ணு" என்றார் மேடம். அக்குளில் வைத்துக்கொண்டேன். காய்ச்சல் பார்க்கிற மாதிரி பத்து நிமிடம் ஆடாமல் இருந்தேன். அதற்குள் மேடம் மின்கம்பியைப் பிடித்து இழுத்து, ரப்பர்ப் பிளவைச் சாவியால் கீறிப் பெரிதாக்கினார். விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இரும்பு இல்லாத இடம் அந்த ரப்பர் ஒன்றுதான். சத்தம் போவதானால் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

சென்சாரை அந்தப் பிளவோடு சேர்த்துப் பிடித்தேன்.

"பிதா" என்று அமுக்கினேன். பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது. நாங்கள் மூச்சு விடவில்லை. ஐந்து விநாடி கழித்து இன்னொரு முறை மின்னியது. கூரையில் இருந்த ரிசீவருக்குக் கேட்டுவிட்டது.

"சுதன்." மங்கலாக ஒரு மின்னல். நீண்ட காத்திருப்பு. பதில் மின்னல் வந்ததா, என் கண்தான் மின்னியதா என்றே தெரியவில்லை.

"வந்துது, வந்துது. நான் பார்த்தேன்" என்றார் மேடம்.

மூன்றாம் முறை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. அழுத்தி அமுக்கினேன். ஏழாம் நம்பர் செத்துவிட்டது.

"ரெண்டுதான் போச்சு" என்றேன். "ரெண்டு அமுக்கல வச்சு அவங்களுக்கு என்ன புரியும்? யாரோ பிள்ளைங்க விளையாடுதுன்னு நினைப்பாங்க."

"புரிஞ்சாலும், எனக்காக அவ ஏன் வரணும்?" என்றார் மேடம் மெதுவாக.



பிளவில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்து மூக்கை வைத்துக்கொண்டோம். ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது. மேடம் தன் முறையையும் எனக்கு விட்டுக்கொடுக்கப் பார்த்தார். நான் அவரைத் திட்டினேன். முதலாளியைத் திட்டுவது இவ்வளவு சுகம் என்று முன்பே தெரிந்திருந்தால் தினமும் திட்டியிருப்பேன்.

ஒன்று நாற்பதுக்குப் பெரிய இயந்திரச் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. லோரி நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

இரண்டு பேரும் கையாலும் காலாலும் கதவை இடித்தோம். "தோலோங்! தோலோங்!" என்று மலாயில் உதவி கேட்டுக் கத்தினேன். சங்கிலிகள் கூரையில் விழுந்து உருண்டன. லோரியின் உறுமலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. கன்டெய்னரின் ஒரு பக்கம் மேலே எழும்பியது. நான் சரிந்து மேடத்தின் மேல் விழுந்தேன். குளிர்ப்பெட்டி சறுக்கி வந்து என் காலில் மோதியது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடு செபா" என்றார்.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. லோரியின் ஹாரன் இல்லை, ஏதோ சின்னக் காரின் ஹாரன். அது விடாமல் ஒரே மூச்சாக ஒலித்தது. உறுமல் நின்றது. கன்டெய்னர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. ஒரு தண்டு உயர்ந்தது, பிறகு இரண்டாவது தண்டு.

வெயில் கண்ணைக் குத்தியது. லோரிக்குக் குறுக்கே ஒரு பழைய மைவி கார் நின்றது. கதவின் தண்டைப் பிடித்தபடி இன்பராணி நின்றாள். சற்றுத் தள்ளி, வெள்ளைச் சட்டை நனைந்து, தவுக்கே தேவானந்தன்.

"அலமாக்! ஞானேஸ்வரி அக்கா, நீங்களா? உள்ள ஆள் இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார் அவர்.

மேடம் தள்ளாடித்தான் இறங்கினார். நேராக அவரிடம் போய், துணியைப் பிரித்து, பாதி தீர்ந்த பேனாவை நீட்டினார். "மத்தியான ஊசி இன்னும் போடலையே, தம்பி. நேரம் ஆச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள போட்டுக்குங்க."

தேவானந்தன் பேனாவைப் பார்த்தார், லோரிக்காரனைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். இன்பராணி வரும் வழியிலேயே போலீஸுக்குப் போன் செய்திருந்தாள். தூரத்தில் சைரன் கேட்டது.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். சுங்கத் துறையிலும் சரி, துப்பறிவதிலும் சரி, வார்த்தைக்குத் தடுமாறாத மனுஷி வாயைத் திறந்து மூடினார். "இங்கதான் இருப்போம்னு எப்படி…?"

"ஏழாம் நம்பர் அவ்வளவு மெல்லமா கேக்கணும்னா, இந்த கம்பவுண்டில இந்த இரும்புப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு. இதோட நிழல்ல உட்கார்ந்து நான் பசியாறியிருக்கேன்" என்றாள் இன்பராணி. "மூணு தரம் அமுக்குறத நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்ல. காலையில பார்த்தது நீங்க ரெண்டு பேர்தான். ஆனா ரெண்டுதான் வந்துது. மூணாவதுக்காகப் போனக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அது வரலன்னதும்தான் காடிய எடுத்தேன்."

"இன்பராணி, நான் காலையில உங்ககிட்ட…" என்று தொடங்கினார் மேடம். அவர் கண் கலங்கியிருந்தது.

இன்பராணி என் பக்கம் வந்தாள். என் கையிலிருந்த வெள்ளைப் பெட்டியை வாங்கி, அதன் மேல் இருந்த என் வியர்வையைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

"நான் உங்களுக்காக வரல, மேடம். இது கூப்பிட்டுச்சு, அதனால வந்தேன்."

பையிலிருந்து ஒரு புதுப் பேட்டரியை எடுத்துப் போட்டு, மூடியை மாட்டினாள். பிறகு பொத்தானை ஒரே ஒரு தரம் அமுக்கினாள், மூன்றாவது தரம்.